பனிமலைக்குப் புறப்படும் முன்: கம்பளியோடு உயரத்தையும் கணக்கிடுங்கள்

நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். கூரையும் மரமும் தரையும் வெள்ளையாய் மூடிக் கிடக்கும் வெண்பனியைக் காண விரும்புவோர் வடக்கே இமயத்தை நாடிச் செல்ல வேண்டும். அரையாண்டு விடுமுறையையும் பொங்கலையும் ஒட்டி, வேங்கிக்காலிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் குல்மார்க், மணாலி, காங்டாக் என்று குடும்பத்தோடு புறப்படுவோர் பலர்.

"எனக்குச் சர்க்கரை இருக்கிறது, போகலாமா?", "அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, பனியில் நடக்க விடலாமா?" என்று புறநோயாளர் பிரிவில் கேட்கிறார்கள். நோய் கட்டுக்குள் இருக்கும் பெரும்பாலோருக்கு விடை, "போகலாம்" என்பதே. வாழ்நாள் முழுதும் மருந்து உண்பவர் வாழ்நாள் முழுதும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய ஆயத்தம் பெரும்பாலும் கம்பளி ஆடையோடு நின்றுவிடுகிறது. பனிமலையில் உடல் இரண்டு சோதனைகளைச் சந்திக்கிறது. ஒன்று குளிர், மற்றொன்று உயரம். குளிருக்குக் கம்பளி உண்டு. உயரத்துக்கு ஆடை கிடையாது.

குளிர் வேறு, உயரம் வேறு

காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் பிராணவாயுவும் குறைகிறது. 3,500 மீட்டர் உயரத்தில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். அதை ஈடுகட்ட மூச்சு வேகமாகிறது. இதயமும் விரைந்து துடிக்கிறது. இது நலமான உடலின் இயல்பான எதிர்வினை. ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இதுவே சுமையாகலாம்.

நமக்குப் பழக்கமான மலைகளோடு ஒப்பிட்டால் இந்த உயரங்கள் எளிதில் விளங்கும். அண்ணாமலையார் மலை 814 மீட்டர். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர். சிம்லாவும் மணாலியும் உதகையின் உயரத்தை ஒட்டியவை. குல்மார்க் ஊர் தொட்டபெட்டாவுக்கு நிகரானது. உதகைக்குப் போய் வருவதில் தொல்லை இல்லாதவருக்கு இவ்வூர்களின் உயரம் மட்டும் பெரிய இடரைத் தருவதில்லை.

இடர் அதற்கு மேலேதான் தொடங்குகிறது. குல்மார்க்கில் கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் பயணியை ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டு செல்கிறது. நம் மலையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு உயரம் அது. சிக்கிமின் நாதுலா கணவாய் 4,310 மீட்டர். ஏறத்தாழ 1,650 மீட்டரில் உள்ள காங்டாக்கிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகிறார்கள். லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர். தில்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம்.

அமர்நாத் குகை 3,888 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே செல்லும் அடியவர்கள் மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று பெற்ற பிறகே பதிவு செய்ய முடியும். அதனினும் சற்று உயரமான இடத்துக்குக் கம்பிவட ஊர்தியில் செல்பவருக்குச் சீட்டு இருந்தால் போதும். அவரை யாரும் சோதிப்பதில்லை. ஆகவே அந்தக் கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உயர நோயை அறிவது எப்படி?

1962-ஆம் ஆண்டுப் போரின்போதும் அதன் பின்னரும் சமவெளியிலிருந்து இமயத்துக்கு விரைந்து அனுப்பப்பட்ட நம் வீரர்கள் பலர் குண்டடி படாமலேயே நோயுற்றனர். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் இவ்வாறு பாதிக்கப்பட்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரையை உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பயிற்சி பெற்ற இளைஞர்களையும் உயர நோய் விட்டுவைப்பதில்லை. எவ்வளவு உயரம் என்பதோடு எவ்வளவு விரைவாக ஏறினோம் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

உயரமான இடத்தை அடைந்த சில மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், உறக்கமின்மை ஆகியவை தோன்றினால், வேறு காரணம் உறுதிப்படும் வரை அதை உயர நோய் என்றே கொள்ளுங்கள். "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று மாத்திரை போட்டுக்கொண்டு மேலும் ஏறக் கூடாது. ஓய்வில் இருக்கும்போதே மூச்சுவாங்குதல், விடாத இருமல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்ததன் அடையாளம். உடனே கீழே இறங்குவதே முதன்மையான மருத்துவம். கடையில் விற்கும் சிறு பிராணவாயுக் குப்பி சில நிமிட ஆறுதல்தான். அது இறங்குவதற்கு மாற்றாகாது.

லே போன்ற இடங்களுக்குச் செல்வோர் முதல் இரண்டு நாள் ஓய்வாக இருக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் இரவில் மூச்சை மட்டுப்படுத்தும், தவிர்க்கவும். உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை உண்டு. அது எல்லாருக்கும் ஏற்றதன்று. மருத்துவரைக் கேட்காமல் வாங்கி உண்ண வேண்டாம்.

குளிர் உடலில் என்ன செய்கிறது?

குளிர்பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது; இதயத்தின் பளு கூடுகிறது. அதனால் இதய நோயாளர் கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனியில் மேடேறுவதும், வயிறு நிறைய உண்டவுடன் ஏறுவதும் கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்குக் குளிர்காற்றே இழுப்பைத் தூண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடி மூச்சுவிடுங்கள். இன்ஹேலரைச் சட்டையின் உட்பையில் உடற்சூட்டில் வையுங்கள்.

பருத்தி உள்ளாடை வியர்வையைப் பிடித்துவைத்து உடலைக் குளிரச் செய்யும். ஈரத்தை வெளியேற்றும் உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலாடை என மூன்று அடுக்காக அணிவது நன்று. குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் நீர் பருகுங்கள். இதயச் செயலிழப்புக்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ நீரின் அளவைக் குறைத்துக்கொண்டவர்கள் அந்த அளவையே பின்பற்ற வேண்டும். புதுப்பனி சூரியனின் புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி வீசுவதால் கண்கூசும். கண் புண்ணாகவும் செய்யும். குழந்தைகளுக்கும் தரமான குளிர்கண்ணாடி அணிவியுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

வெயிலில் இன்சுலினைக் காக்க நாம் அறிவோம்; பனியிலும் அதைக் காக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படாது. விமானத்தின் சரக்கறையில் போகும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். வெளியே நடக்கும்போது உட்பையில் இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் தவறு செய்யும். அறையின் வெப்பத்தில் சோதியுங்கள். குளிர் நடுக்கமும் சர்க்கரை தாழ்ந்த நடுக்கமும் ஒன்றுபோல் தோன்றும். ஐயம் எழுந்தால் சோதித்துப் பாருங்கள். சோதிக்க இயலாவிட்டால் இனிப்பை வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

பாத உணர்வு குறைந்தவர்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். விரல் உறைவதும் தெரியாது, சூடுபடுவதும் தெரியாது. வாடகைக் காலணியின் உட்புறத்தை அணியும் முன் கையால் தடவி, ஈரமோ கூர்மையோ இல்லை என உறுதி செய்யுங்கள். இறுக்கமாக இரண்டு காலுறை அணிவது இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அறை திரும்பியதும் வீட்டார் ஒருவர் பாதத்தைப் பார்க்கட்டும். விரல் வெளுத்து மரத்திருந்தால் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. இளஞ்சூடான நீரில் நனைத்துக்கொண்டே மருத்துவரை நாடுங்கள். நீரின் சூட்டை நோயாளர் பார்க்கக் கூடாது. உணர்வு குறையாத மற்றொருவர் கைவைத்துப் பார்க்க வேண்டும்.

மூடிய அறையில் நெருப்பு

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலையூரில், குளிருக்காக வாயு அடுப்பு வைத்து அறையை மூடி உறங்கிய கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். கரியோ எரிவாயுவோ காற்றோட்டமின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும். ஆகவே கரி அடுப்பையோ காங்ரிச் சட்டியையோ எரிவாயு அடுப்பையோ எரியவிட்டு உறங்காதீர்கள். பனியில் வண்டி சிக்கிக்கொண்டால் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, அதை அகற்றிய பிறகே எஞ்சினை இயக்குங்கள். சன்னலைச் சற்றே திறந்து வையுங்கள்.

சீட்டு எடுக்கும் முன் ஒரு சந்திப்பு

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்பட்டவர்கள், ஓய்விலேயே மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ உள்ளவர்கள், நுரையீரல் இரத்த அழுத்த நோய் உள்ளவர்கள், வீட்டில் பிராணவாயு பயன்படுத்துவோர், கடும் இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் உயரமான இடங்களைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றவர்கள் தம் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மற்றவர்களுக்கு நம் ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நெஞ்சு அடைக்காமல், மூச்சு வாங்காமல் நடந்து முடிக்க முடிகிறதா? முடிந்தால் அது நல்ல அறிகுறி. ஆனால் அதுவே சான்றாகாது. பாதி வழியில் உட்கார வேண்டியிருந்தால், பயணத்துக்கு முன் இதயத்தைச் சோதித்துக்கொள்வது கட்டாயம்.

முன்பதிவு செய்வதற்கு ஒரு மாதம் முன்பே வாருங்கள். எந்த ஊர், இரவு எங்கே தங்கல், பகலில் எவ்வளவு உயரம் ஏற்றம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். மருந்தைத் தேவைக்கும் ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, மருந்துச்சீட்டின் நகலை வேறு பையில் வையுங்கள். தாத்தாவும் பாட்டியும் முதற்கட்ட நிலையத்திலேயே அமர்ந்து பேரப்பிள்ளைகள் பனியுருண்டை எறிவதைக் கண்டு மகிழலாம். வெண்பனி அங்கும் இருக்கிறது. எல்லாரும் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை; எல்லாரும் நலமாக வீடு திரும்ப வேண்டும்.