நிலமும் விலையும் – 9: ஐந்து ஆண்டு அனுபவம், ஆனால் எதில்?

சொத்து மதிப்பீட்டாளராக விரும்பும் ஓர் இளைஞருக்கு நம் சட்டம் என்ன பயிற்சி தருகிறது என்பதை இந்த வாரம் பார்க்கலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 247ஆம் பிரிவின் கீழ் 2017இல் விதிகள் வந்தன. நிலத்தையும் கட்டடத்தையும் மதிப்பிடப் பதிவு பெறுவதற்கான முக்கிய வழி, சிவில் இன்ஜினீயரிங், கட்டடக்கலை, நகரமைப்பு ஆகியவற்றுள் ஒன்றில் பட்டமும் 5 ஆண்டு அனுபவமும் பெற்றிருப்பது. முதுகலை முடித்தவருக்கு 3 ஆண்டு. அதன்பின் 50 மணி நேர வகுப்பு, 60 சதவீதம் எடுத்தால் தேறும் தேர்வு. கேட்கப்படும் அனுபவம் படித்த துறையில் இருந்தால் போதும், மதிப்பீட்டில் இருக்க வேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிவில் முடித்து, சிதம்பரத்தில் 5 ஆண்டு கான்கிரீட் வேலையை மேற்பார்வை பார்த்தவர், ஒரு மனையின் விலையைக்கூடக் கணித்துப் பார்க்காமல் இந்தத் தகுதியை அடைந்துவிடலாம். கைப்பழக்கம் இல்லாமல் கையெழுத்துரிமை தரும் இந்த ஏற்பாடு மாற வேண்டும் என்பதே என் வாதம்.

கட்டடத்தின் மதிப்பு பெரும்பாலும் கணக்குக்கு அடங்கும். பரப்பு, கட்டுமானச் செலவு, வயது, தேய்மானம் தெரிந்தால் ஓர் இன்ஜினீயர் அதைச் சரியாகவே சொல்வார். அவரைத் தடுமாற வைப்பது நிலம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தெருவுக்கு அரசு வழிகாட்டி மதிப்பு உண்டு. அதுவே சந்தை விலை ஆகிவிடாது. தமிழக அரசு 2017 ஜூனில் அந்த மதிப்பை மாநிலம் முழுவதும் 33 சதவீதம் குறைத்தது, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்தி, கட்டணத்தை 2 சதவீதமாக்கியது. இரண்டு முறையும் மாறியது அரசின் வரிக் கொள்கை. ஒரே நாளில் எல்லா ஊர் நிலமும் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிடவில்லை. டான்சி நில வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றமும், வழிகாட்டி மதிப்பு பதிவுக்கு ஒரு தொடக்க அளவே, அதையே சந்தை விலையாகக் கொள்ள முடியாது என்றது.

சரி, பக்கத்து மனையின் கிரயப் பத்திரத்தைப் பார்க்கலாமே என்றால், அங்கேதான் உண்மையான சிக்கல். பத்திரத்தில் எழுதும் தொகை வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்பதும், மீதி ரொக்கமாகக் கைமாறுவதும் ஊரறிந்த வழக்கம். அதன் பாரம் எளியவர் மேல் விழுகிறது: 2013 நிலமெடுப்புச் சட்டம் இழப்பீட்டைக் கணிப்பதே மூன்றாண்டுப் பத்திர விலைகளையும் வழிகாட்டி மதிப்பையும் வைத்துத்தான். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்கள் இருக்கும் மாவட்டம் கடலூர். இங்கே தவறான விலைப் பதிவு வெறும் காகிதப் பிழை அல்ல. பத்திரம் சொல்லாதவை இன்னும் பல. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது கடலூரில் எந்தத் தெருவில் எவ்வளவு நின்றது, தேவனாம்பட்டினம் பக்கத்து மனை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா, கோயில் அடிமனையில் கட்டிய வீட்டில் விற்பவருக்கு உரியது சுவர் மட்டும்தானா? வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், புலப்படம், ‘அ’ பதிவேடு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள ஒருவருடன் இடத்தில் நின்று பார்த்தால்தான் இந்தக் கண் திறக்கும். 50 மணி நேரத்தில் அது வராது.

அமெரிக்கா இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1980களில் அங்கே சேமிப்பு வங்கிகள் நூற்றுக்கணக்கில் கவிழ்ந்ததற்கு ஊதிப் பெருக்கிய சொத்து மதிப்பீடுகளும் ஒரு காரணம். 1989இல் சட்டம் வந்து உரிமம் கட்டாயமானது. இன்று அங்கே பயிற்சி மதிப்பீட்டாளர் என்றே ஒரு படிநிலை உண்டு. அடிப்படை உரிமத்துக்கு 1,000 மணி நேரமும், எல்லா வகைச் சொத்தையும் மதிப்பிட 3,000 மணி நேரமும் மூத்தவரின் மேற்பார்வையில் வேலை செய்து பதிவேட்டில் காட்ட வேண்டும்.

இது வாசலை அடைத்துவிடும், குடும்பத்தில் முதல் பட்டதாரியை எந்த மூத்தவர் சேர்த்துக்கொள்வார் என்ற எதிர்ப்பு நியாயமானது. அமெரிக்காவிலேயே அது நடந்தது. மேற்பார்வையாளர் கிடைக்காதவர்களுக்காக, 2021 முதல் கணினிவழி நடைமுறைப் பயிற்சியையும் ஏற்கிறார்கள். அந்த மாற்று வழியை நாம் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். மூத்தவர்கள் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, இடத்தையே பார்க்காமல் கையெழுத்திடுவார்கள் என்பது இன்னொரு கவலை. யார் நேரில் பார்த்தார் என்பதை அறிக்கையில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றால் பொறுப்பு தெளிவாகும். எல்லாவற்றையும் கணினியே கணித்துவிடுமே என்பாருக்குச் சொல்ல ஒன்றுதான்: அதுவும் அந்தப் பொய்யான பத்திர விலைகளைத்தான் தின்று வளரும்.

எம்.எஸ். சாஹூ தலைமையிலான நிபுணர் குழு 2020இல் மதிப்பீட்டாளர்களுக்கென ஒரு சட்ட வரைவைத் தந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. அதுவரை, கடனுக்கு ஈடான சொத்தை மதிப்பிடச் செய்யும் வங்கிகள் காத்திருக்கத் தேவையில்லை. பேனலில் புதிதாகச் சேர்ப்பவரிடம், மூத்தவருடன் சென்று பார்த்த சொத்துகளின் பதிவேட்டைக் கேட்கலாம். இந்தத் தொழிலுக்கு வரும் கடலூர், சிதம்பரம் இளைஞர்களே, யாரும் கேட்காவிட்டாலும் அந்தப் பதிவேட்டை இன்றே எழுதத் தொடங்குங்கள்.

(தொடரும்)