கடாரத்திற்கு ஒரு நாள் பயணம்

மாணவர்களே, ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை வைக்கிங் மக்கள் வாழ்ந்த இடங்களுக்கு அழைத்துப் போவார்கள். வைக்கிங்குகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவில் இருந்து கடலோடிய மக்கள். வணிகமும் செய்தார்கள், கொள்ளையும் அடித்தார்கள். வழிகாட்டி முன்னே நடக்க, பிள்ளைகள் பின்னே போய், அந்த மக்களின் கப்பல்களையும் வீட்டு அடித்தளங்களையும் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார்கள்.

நமக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் இருந்து வடக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போனால் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழில் கடாரம் என்று நாம் படிக்கும் பெயர் இந்தப் பகுதியைக் குறிப்பதாகவே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். விடிவதற்கு முன் பேருந்தில் ஏறினால், பார்த்துவிட்டு இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். மெர்போக்கில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தை முன்கூட்டியே தொடர்புகொண்டு, வழிகாட்டி கிடைப்பாரா என்று ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள். வழிகாட்டி எதைச் சொன்னாலும், "இது எப்படித் தெரியும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

முதலில் மலையைப் பாருங்கள்

சுங்கை பட்டாணியை நெருங்கும்போது சமவெளியின் நடுவே தனியாக ஒரு மலை தெரியும். அதுதான் குனோங் ஜெராய். உயரம் ஏறக்குறைய 1,200 மீட்டர். இந்த மலைதான் அன்றைய மாலுமிகளுக்குக் கலங்கரை விளக்கம்.

எவ்வளவு தூரத்தில் இருந்து அது கண்ணில் படும்? பூமி உருண்டை என்பதால் தொலைவில் உள்ள பொருளின் அடிப்பகுதி முதலில் மறையும், உச்சி கடைசியில் மறையும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், உச்சி தெரியும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 1,200இன் வர்க்கமூலம் 34.6. விடை ஏறக்குறைய 124 கிலோமீட்டர். பாய்மரத்தின் மேல் 9 மீட்டர் உயரத்தில் ஒருவர் ஏறி நின்றால் அவருக்கு இன்னும் 11 கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். வானம் தெளிவாக இருந்தால், கரையே தெரியாத கடலில் இருந்து மலையை மட்டும் பார்த்துத் திசை பிடிக்கலாம்.

வீட்டில் உலக வரைபடத்தை எடுத்து இன்னொன்றையும் பாருங்கள். இலங்கையின் தென்முனை வடக்கு அட்சரேகை 6 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஜெராய் மலையும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் இருக்கிறது. இலங்கையைக் கடந்து நேர் கிழக்கே வந்த கப்பல், நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்ராவுக்கும் இடையே உள்ள கடல்வழியில் புகுந்தால், எதிரே நிற்பது இந்த மலை. தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே தள்ளும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்களுக்குத் தங்க இடம், உணவு, சந்தை, கும்பிடக் கோயில் எல்லாம் தேவை. காற்றும் மலையும் சேர்ந்துதான் இங்கே ஒரு துறைமுகத்தை உருவாக்கின.

இரும்பு உருக்கிய ஊர்

அடுத்தது சுங்கை பத்து. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2009 முதல் அகழ்ந்து வரும் இடம். செங்கல் கட்டடங்கள், படகுத்துறையின் எச்சங்கள், இரும்பு உருக்கிய உலைகள் ஆகியவை இங்கே வெளிப்பட்டன. இன்று கடல் இங்கிருந்து தள்ளி இருக்கிறது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து நிலம் முன்னே நகர்ந்துவிட்டது.

இங்கே குவியல் குவியலாகக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, களிமண் குழாய்கள். துருத்தியில் இருந்து உலைக்குள் காற்றை ஊத இவை பயன்பட்டன. இன்னொன்று, இரும்புக் கசடு. இந்த இரண்டும் கிடைத்தால் அங்கே இரும்பு உருக்கினார்கள் என்று சொல்லிவிடலாம். எப்படி?

இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். உலையில் மரக்கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. தூய இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். அன்றைய உலையில் அவ்வளவு வெப்பம் இல்லை. ஆனால் தாதுவில் கலந்திருந்த மற்ற பொருள்கள் ஏறக்குறைய 1,200 பாகையிலேயே உருகி, கசடாக வழிந்துவிடும். மிஞ்சுவது பஞ்சு போன்ற இரும்புக் கட்டி. அதைத் தட்டித் தட்டிக் கருவி செய்வார்கள். இரும்பை விற்றுவிடுவார்கள், கசடை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அது உருக்கிய இடத்திலேயே தங்கிவிடும்.

இந்த ஊரின் வயது பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பார்கள். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு என்பவர்களும் உண்டு. வழிகாட்டி ஓர் ஆண்டைச் சொன்னால், எந்தப் பொருளை, எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

கூரை இல்லாத கோயில்

பிற்பகலில் மெர்போக் அருங்காட்சியகம். அதன் வளாகத்தில் சிற்றாற்றின் அருகே இருப்பது புக்கிட் பத்து பஹாட் சண்டி. பழைய கோயில் எச்சங்களை இங்கே சண்டி என்பார்கள். 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் மனைவி டோரதியும் இதை அகழ்ந்தார்கள். பிறகு ஆலஸ்டர் லேம்ப் தலைமையில் 1960 வாக்கில் கற்களை மீண்டும் அடுக்கிச் சீரமைத்தார்கள்.

இதற்குக் கூரையும் இல்லை, தூணும் இல்லை. ஆனால் குனிந்து பாருங்கள். வரிசையாகக் கல் பீடங்கள், அவற்றின் நடுவே குழிகள். மரத்தூண்கள் நின்ற குழிகள் அவை. மரம் மக்கிப் போனது, குழி மட்டும் இருக்கிறது. அந்தப் பீடங்கள் எங்கெங்கே இருந்தன என்பதை வைத்துத்தான் கருவறை இது, மண்டபம் இது என்று சொல்ல முடிந்தது. அதே கற்களை லாரியில் ஏற்றி எங்காவது கொட்டியிருந்தால் அவை வெறும் கற்கள்தான்.

அதே வளாகத்தில் வேறு மூன்று சண்டிகளும் இருக்கின்றன. வேறு இடங்களில் கிடைத்த அவற்றை இங்கே கொண்டுவந்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். உள்ளே கண்ணாடிப் பேழைகளில் மணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் இருக்கும். சீனப் பீங்கானின் பாணி காலத்துக்குக் காலம் மாறியது. அதனால் ஒரு துண்டு எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால், அந்த அடுக்கின் காலத்தைக் கணக்கிடலாம்.

1021உம் 1025உம்

இங்கே வைக்கிங்குகளிடம் திரும்புவோம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில், லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் அவர்கள் குடியிருந்த தடயம் 1960இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கேயும் இரும்பு உருக்கிய கசடு கிடைத்தது. அவர்கள் எந்த ஆண்டில் அங்கே இருந்தார்கள் என்பது 2021இல்தான் துல்லியமாகத் தெரிந்தது. கி.பி. 993இல் விண்வெளியில் இருந்து வந்த கடும் கதிர்வீச்சால் காற்றில் கார்பன்-14 திடீரெனக் கூடியது. அந்த ஆண்டு வளர்ந்த மரவளையங்களில் அதன் அடையாளம் பதிந்தது. வைக்கிங்குகள் உலோகக் கருவியால் வெட்டிப்போட்ட மரத்துண்டுகளில் அந்த வளையத்தில் இருந்து பட்டை வரை எண்ணினார்கள். 28 வளையங்கள். 993உடன் 28ஐக் கூட்டினால் 1021.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1025 வாக்கில், இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. இது எப்படித் தெரியும்? தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. ஆனால் அது வென்றவர் எழுதியது என்பதை மறக்கக்கூடாது. அதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு இராசேந்திரனின் தந்தை இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுத்தார். லெய்டன் செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. நட்பும் போரும் இரண்டும் உண்டு.

கெடாவில் 1025 என்று நாமும் ஒரு மரத்துண்டைக் காட்ட முடியுமா? மிகக் கடினம். நம் மழைக்காட்டு மரங்கள் பெரும்பாலானவற்றில் தெளிவான ஆண்டு வளையங்கள் இல்லை. வெப்பத்திலும் ஈரத்திலும் மரம் சீக்கிரம் மக்கிவிடும். அங்கே மரம் சாட்சி சொல்கிறது. இங்கே கல்லும் செங்கல்லும் கசடும், அவை கிடக்கும் இடமும்தான் சாட்சி.

போனால் வராது

2013இல் சுங்கை பத்து பகுதியில் ஒரு சாட்சி அழிந்தது. 11ஆம் எண் சண்டி என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருந்த எச்சம், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது மண்வாரி இயந்திரத்தால் அகற்றப்பட்டது. செய்தி வெளிவந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே போன்ற கற்களைக் கொண்டு அதே வடிவில் இன்னொன்றைக் கட்டலாம். ஆனால் அடியில் இருந்த மண் அடுக்குகளையும், அவற்றில் எது எங்கே கிடந்தது என்பதையும் திரும்பக் கட்ட முடியாது. அகழாய்வாளர் தோண்டும்போதும் அடுக்கு கலையத்தான் செய்யும். ஆனால் அவர் ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்து, வரைந்து, படம் எடுத்த பிறகே கலைக்கிறார். அவரிடம் பதிவு மிஞ்சும். இயந்திரம் எதையும் எழுதி வைப்பதில்லை.

உங்கள் ஊரிலும்

தடயங்கள் கெடாவில் மட்டும் இல்லை. நீங்கள் தினமும் கடக்கும் பெர்னாம் ஆற்றின் பள்ளத்தாக்கிலும், சிலிம், சுங்காய் வட்டாரங்களிலும் கற்பலகைகளைப் பெட்டி போல் அடுக்கிய பழைய கல்லறைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் இரும்புக் கருவிகளும் மணிகளும் கிடைத்தன. தோட்டத்தில் வடிகால் வெட்டும்போதோ, ஆற்றோரம் மண் சரியும்போதோ இப்படி ஏதாவது நாளைக்கே உங்கள் கண்ணில் படலாம்.

பட்டால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், மேலும் தோண்டாதீர்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, பொருளையும் சுற்றியுள்ள இடத்தையும் படம் எடுங்கள். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லி, மாவட்ட அதிகாரிக்குத் தெரியப்படுத்துங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. அந்தப் பொருளை ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை, அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.