பழைய தையல் இயந்திரமும் பழகிய துணியும்

சென்னைத் துறைமுகத்தினின்று புறப்படும் கப்பல் அந்தமான் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகின்றன. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில் தையற்கடை வைத்திருக்கும் தமிழன்பர் ஒருவர், ஊரிலிருந்து பழைய ஆலைத் தையல் இயந்திரம் ஒன்றை வாங்கி இக்கப்பலில் ஏற்றி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் இறக்கிப் பள்ளிச் சீருடைத் துணியைக் கொடுத்ததும் ஊசி ஒடிகிறது. மறு ஊசியும் ஒடிகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே அவருக்குத் தோன்றும். மெக்கானிக்கை அழைப்பதற்கும், உதிரிப்பாகம் தருவிப்பதற்கும் தீவுகளில் ஆகும் நாட்களை நேயர்கள் அறிவீர்கள். பள்ளி திறக்கும் பருவத்தில் அந்த நாட்களே அவருடைய வருமானம்.

இத்தகைய இயந்திரங்களில் பல பழுதானவையே அல்ல. வேறொரு துணிக்குப் பழக்கப்பட்டவை. திருப்பூர்ப் பின்னலாடை ஆலையில் ஓடிய இயந்திரம் மெல்லிய துணிக்கென அமைக்கப்பட்டிருக்கும். ஊசி மெல்லியது; ஊசித்தட்டின் துளை சிறியது; துணியை நகர்த்தும் பற்கள் நுண்ணியவை, உயரமும் குறைந்தவை. அதனிடம் திடீரென்று முரட்டுச் சீருடைத் துணியைக் கொடுத்தால் அது எங்ஙனம் இணங்கும்?

இப்பற்களை மெக்கானிக்குகள் ‘ஃபீட் டாக்’ என்பர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட என் போன்றோரை இச்சொல் சற்றே திகைக்க வைக்கும். இங்கே ‘டாக்’ என்பது நாயன்று. பற்றி இழுக்கும் உறுப்பு. நம் தையற்காரர்கள் ‘பல்’ என்று சொல்லிவிடுகிறார்களே, அதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை. 1846-ல் எலியாஸ் ஹோ காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் இப்பற்கள் இல்லை. துணியை முட்கள் பதித்த உலோகப் பட்டையில் மாட்டித் தைத்து, பட்டை முடிந்ததும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. மேலெழுந்து, பின்சென்று, கீழிறங்கி, முன்வரும் நான்கு அசைவுப் பற்களுக்கு 1854-ல் ஆலன் வில்சன் காப்புரிமை பெற்ற பின்னரே துணி தடையின்றி நகரலாயிற்று. இன்றைய ஆலை இயந்திரத்திலும் அவ்வசைவே இருக்கிறது. ஆயின் நிமிடத்துக்கு 5,000 தையல் போடும் வேகத்தில், ஒரு தையலுக்குக் கிடைப்பது நொடியில் எண்பதில் ஒரு பங்குதான். ஊசி துணிக்கு வெளியே இருக்கும் நேரத்தில் மட்டுமே பற்கள் துணியை நகர்த்த வேண்டும். இந்த ஒழுங்கு பிசகினால் ஊசி வளையும்.

ஆகவே எந்தத் திருகையும் தொடுமுன் செய்யவேண்டியது ஒன்று. மோட்டாரை நிறுத்துங்கள். கிளட்ச் மோட்டாராயின், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் சுழலும்; அது முற்றிலும் ஓயும்வரை காத்திருங்கள். துணியையும் நூலையும் எடுத்துவிட்டு, அழுத்துபாதத்தைத் தூக்கி வைத்து, புதிய ஊசி ஒன்றைப் பொருத்துங்கள். ஒற்றை ஊசி ஆலை இயந்திரங்களில் பெரும்பாலும் ஊசியின் நீண்ட பள்ளம் இடப்புறமும், கண்ணருகேயுள்ள குழிவு வலப்புறமும் இருத்தல் வேண்டும். பிறகு கைச்சக்கரத்தைத் தம் பக்கமாக மெல்லத் திருப்பி, ஊசி தட்டின் துளையில் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்.

துணியில்லாதபோதே ஊசி துளையின் விளிம்பைத் தொட்டால், குற்றம் பற்களின் நேரத்தில் இல்லை. தட்டு சரியாக உட்காரவில்லை, அல்லது ஊசித்தண்டு திரும்பியிருக்கிறது, அல்லது ஊசிக்குத் துளை போதவில்லை. மாறாக, வெறுமனே இறங்கும்போது துளையின் நடுவே செல்லும் ஊசி, துணியிட்டதும் வளைகிறதென்றால் துணி ஊசியை இழுக்கிறது. தைப்பவர் கையால் இழுக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். அவசரத்தில் பலரும் இழுக்கிறார்கள்.

இரண்டாவது நிலையில்தான் பற்களின் நேரத்தைச் சோதிக்க வேண்டும். கைச்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே வருக. பற்களின் மேல்முனை இறங்கி ஊசித்தட்டின் மட்டத்துக்கு வரும் அதே கணத்தில், இறங்கும் ஊசியின் கண்ணுடைய மேல்விளிம்பும் அம்மட்டத்துக்கு வந்திருந்தால் பொதுவான அமைப்பு சரி. கண் கீழே போன பின்னும் பற்கள் மேலே நின்றால் நேரம் பிந்தியிருக்கிறது. தையல் இறுக்கமாக விழவேண்டுமென்று முந்தைய ஆலையில் வேண்டுமென்றே சற்றுப் பிந்த வைத்திருக்கக் கூடும். அளவு மீறினால் ஊசி தாங்காது. மேல்மூடியைக் கழற்றினால் மேல்தண்டின்மீது பற்களை இயக்கும் வட்டு தெரியும். அதன் திருகுகளைத் தளர்த்துமுன், வட்டும் தண்டும் சேருமிடத்தில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். வட்டைச் சிறிதளவே நகர்த்தி, திருகை இறுக்கி, மறுபடி கையால் சுற்றிப் பாருங்கள். பற்கள் தட்டின் பிளவுகளில் பக்கவாட்டில் உரசினால் அந்த ஒலியே காட்டிக்கொடுக்கும்.

பற்களின் உயரம் வேறு விஷயம். மிக உயர்ந்து நிற்கும்போது தட்டுக்கு மேல் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் தெரிவது சாதாரணத் துணிக்கு ஏற்றது. கனத்த துணிக்கு 1.2 வரை வேண்டும். நுண்பற்களை உயர்த்துவதால் மட்டும் முரட்டுத் துணி நகர்ந்துவிடாது. பெரும்பற்களையும், அவற்றுக்குரிய அகலத் துளைத் தட்டையும் சேர்த்தே வாங்குதல் நலம். ஒன்றை வாங்கி மற்றொன்றை விட்டால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க நேரும்.

ஊசியை மாற்றும்போது ஹூக்கையும் மறவாதீர்கள். ஊசி எண் 75 என்றால் அதன் தடிமன் 0.75 மில்லிமீட்டர், 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். எழுபத்தைந்தை எடுத்துவிட்டு நூறைப் பொருத்தினால், ஒவ்வொரு பக்கமும் 0.125 மில்லிமீட்டர் கூடுகிறது. ஹூக்கின் முனைக்கும் ஊசிக்கும் இருக்கவேண்டிய இடைவெளியோ 0.04 முதல் 0.1 வரைதான், எழுதும் தாளின் தடிமன்கூட இல்லை. ஊசி ஹூக்கில் உரசும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டா. இதைத் திருத்துவது பழகியவர் வேலை. ஊசி அடிமட்டத்திலிருந்து சுமார் இரண்டு மில்லிமீட்டர் மேலெழும்போது ஹூக்கின் முனை ஊசியின் நடுக்கோட்டில் வந்து, கண்ணுக்குச் சற்று மேலே நூற்கண்ணியைப் பிடிக்க வேண்டும். எனினும் பலர் எடுத்த எடுப்பில் கைவைப்பது இந்த ஹூக்கின் திருகுகளில்தான். இது கடைசியில் செய்யவேண்டிய வேலை.

ஊசி பலமுறை இடித்த தட்டில் துளையோரம் சிலிர்ப்பு எழுந்திருக்கும். நூல் அறுவது பெரும்பாலும் அதனால்தான். மிக நுண்ணிய எமரித் தாளை நூல்போல் கிழித்துத் துளைக்குள் இழுத்து மழமழப்பாக்கலாம். உப்புக்காற்றும் நெடிய மழைக்காலமும் உள்ள இத்தீவுகளில் ஊசித்தண்டும் பற்களின் அடிப்பகுதியும் விரைவில் துருப்பிடிக்கும். தட்டைக் கழற்றிப் பஞ்சுத் துகளை அகற்றுங்கள். அத்துகள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பற்களின் அடியில் கெட்டியாகப் படிந்தால் அவை முழுதும் இறங்காமல், நேரம் பிந்தியது போன்ற தோற்றமும் தரும். எண்ணெய்த் தொட்டியில் மேற்குறி வரை வெள்ளை இயந்திர எண்ணெய் ஊற்றி, முதல் பத்து நிமிடம் குறைந்த வேகத்தில் ஓட்டிய பிறகே சீருடைத் துணியை எடுத்து வையுங்கள்.