பொன் சுரங்கமும் மின் விசையும்

மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால், வெளிறிய மண்மேடுகள் கண்ணில் படும். அவை இயற்கைக் குன்றுகள் அல்ல; பொன்னை எடுத்தபின் கொட்டிய பாறைத் தூள். அத்தனை பாறையையும் மேலே ஏற்றித் தூளாக்கச் செலவான மின் விசையின் கணக்கையே இங்கு ஆராய்கின்றோம்.

வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து நம்மவர் பிழைப்பை நாடிக் குடியேறிய கோலார் தங்கவயலில், தொடக்கத்தில் நீராவி யந்திரங்களே இயங்கின. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுக்கும் திட்டம் உருப்பெற்றது. 1902 ஜூன் 30 அன்று, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே அம்மின்சாரம் தங்கவயலை அடைந்தது. தஞ்சையில் நெல் விளைவிக்கச் செல்லும் நீர், போகிற வழியில் பொன் சுரங்கத்துக்கும் உழைத்தது! கோடையில் ஆறு மெலிந்தால் மின்சாரமும் மெலியும். 1911-இல் கண்ணம்பாடி அணைவேலை தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்சாரம் பாறையை ஏற்றுவதற்கு மட்டும் செல்லவில்லை. ஊறும் நீரை இறைக்கவேண்டும். துளையிடும் கருவிகளுக்குக் காற்றை அழுத்தி அனுப்பவேண்டும். இது மிகவும் விரயமான வேலை. அழுத்துங்கால் விசையின் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். எஞ்சியதில் ஒரு பங்கு குழாய்களில் கசியும். சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். குளிர்ந்த காற்றை இடைவிடாது அனுப்பினாலன்றி மனிதன் அங்கு நிற்கவும் இயலாது. ஏனைய ஆலைகளில் விசிறியை நிறுத்திச் சிக்கனம் பேசலாம். இங்கு அது உயிர்மூச்சு.

ஓர் ஆலையின் சிக்கனத்தை மொத்தச் செலவால் அளக்கலாகாது; ஓரளவு சரக்குக்கு எவ்வளவு விசை என்றே பார்க்கவேண்டும். ஒரு டன் பாறையை 3 கிலோமீட்டர் உயர்த்த, உராய்வு முதலிய இழப்புகளை ஒதுக்கினாலும், சுமார் 8 யூனிட் வேண்டும். டன்னுக்கு 30 கிராம் பொன் இருப்பின், கிராமுக்குக் கால் யூனிட்டைச் சற்றே தாண்டும். 3 கிராமே இருப்பின் ஏறக்குறைய 3 யூனிட்! ஒரு கூண்டு இறங்கும்போதே மற்றொன்று ஏறுமாறு பிணைத்துக் கூண்டுகளின் எடையைச் சமன்செய்தனர். பாறையின் எடையை எந்தத் திறமையும் குறைக்காது. ஆழம் மிகுந்து பொன் அருகிவரச் செலவு ஏறியே தீரும். நஷ்டத்துக்குத் தொழிலாளியே காரணம் என்று பேசுவோர், இக்கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை என்றே எண்ணுகின்றோம்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அவ்வாண்டிலேதான். நாம் மேலே கண்ட அளவுகோலையே கொண்டு பெரிய ஆலைகளுக்கு இலக்கு விதிக்கும் முறை 2012-இல் தொடங்கியது. தங்கவயலுக்கு அது பயன்படவில்லை. நீர் இறைக்கும் யந்திரங்கள் நின்றபின் சுரங்கங்களில் நீர் நிரம்பிற்று. அங்கே இறங்கி உழைத்தவர்களின் மக்கள், விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புகின்றனர்.