பூட்டுவதா, பழக்குவதா?

குழந்தை தவழத் தொடங்கியதும் வீட்டில் ஒரு வாக்குவாதமும் தொடங்கிவிடும். "அலமாரிக்கெல்லாம் பூட்டுப் போடணும், அடுப்படிக்கு ஒரு கேட் வாங்கணும் அத்தை" என்பார் மருமகள். "நாங்க லயத்துல கேட் போட்டா பிள்ளை வளர்த்தோம்? சுடும், தொடாதேன்னு சொல்லிப் பழக்கினா கேட்டுக்கும்மா" என்பார் மாமியார். சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் தாமான் வீடுகளில் வசிக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. இருவரில் யார் சொல்வது சரி?

முதலில் பாட்டியின் பக்கம். 1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி போட்ட மேசையில் விட்டார்கள். பாதி தூரத்திற்குப் பிறகு கண்ணாடிக்கு அடியில் தரை பள்ளமாக இறங்குவதுபோல் தெரியும். எதிர்ப்பக்கத்தில் அம்மா நின்றார். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. சிரித்த முகம் காட்டியபோது 19இல் 14 குழந்தைகள் கடந்து வந்தன. பேச்சு வராத வயதிலேயே, எது ஆபத்து என்பதைக் குழந்தை நம் முகத்தைப் பார்த்துப் படித்துக்கொள்கிறது. சாமி விளக்குப் பக்கம் கை நீளும்போது பாட்டி கண்ணை விரித்து "ஊ... சுடும்!" என்று சொல்வதும் இதே பாடம்தான்.

இனி அம்மாவின் பக்கம். "தொடாதே" என்பதைப் புரிந்துகொள்வது வேறு, நீட்டிய கையை நிறுத்துவது வேறு. கையை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிக்கு உண்டு. அது முழுதாக முதிர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு வயதுக் குழந்தை "ம்ஹும்" என்று தலையை ஆட்டிக்கொண்டே சுவிட்சைத் தொடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பிடிவாதமல்ல, விதி தெரியும், பிரேக் இன்னும் பொருத்தப்படவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. செங்குத்தான சரிவில் இறங்கக் கூடாது என்று தவழும்போது கற்றுக்கொண்ட குழந்தை, நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் நேராகக் காலை வைத்துவிடுகிறது. குழந்தைகளின் அசைவை ஆராயும் கேரன் அடால்ஃப் இதைக் காட்டினார். நடை பழகும் குழந்தை விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைத்து 17 முறை விழுகிறது என்பதும் அவர் குழுவின் கணக்கு. நேற்றுப் படித்த பாடத்தைப் புதிய உடம்போடு இன்று மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

"அப்போ லயத்துல எப்படி வளர்ந்தோம்?" என்று பாட்டி கேட்கலாம். பால்வெட்டப் போன தாய்மார்களின் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் ஆயா பார்த்துக்கொண்டார். லயத்து வீட்டில் மின்சாரக் கேத்தலும் மாடிப்படியும் பொத்தான் பேட்டரியும் இல்லை. மேலும், நாம் கேட்பது பிழைத்து வளர்ந்தவர்கள் சொல்லும் கதையை மட்டுமே. கிணற்றிலும் கொதிநீரிலும் போன பிள்ளைகள் வந்து சொல்ல மாட்டார்கள்.

எதைப் பூட்ட வேண்டும்?

ஒரே ஒரு கேள்வி போதும்: ஒரு தடவை தவறினால் திருத்த முடியுமா? முடியாது என்றால் பூட்டுங்கள்.

தண்ணீர்: குழந்தையின் தலை கனமானது. வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே போதும். வாளியைக் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவை மூடுங்கள்.

மருந்தும் அமிலமும்: பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலம், புல்லுக்கு அடிக்கும் மருந்து, குளோராக்ஸ் ஆகியவற்றைக் குடிபானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பாராகுவாட் 2020 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் கொட்டகையில் கிடக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு மிடறே உயிரைப் பறிக்கும்.

பொத்தான் பேட்டரி: உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் சதையை அரித்துவிடும்.

கொதிநீரும் மாடி ஜன்னலும் இதே வரிசைதான்.

எதைப் பழக்க வேண்டும்?

மற்றதையெல்லாம் பழக்கலாம்: பூச்சாடி, புத்தக அலமாரி, அரிசி டின், சாமி மேடை. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

ஒரே நேரத்தில் மூன்று விதிகளுக்கு மேல் வேண்டாம். நாள் முழுவதும் "வேண்டாம்" கேட்கும் காதுக்கு அந்தச் சொல் மின்விசிறிச் சத்தம்போல் ஆகிவிடும். தாத்தா முதல் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காள் வரை எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லட்டும். ஒருவர் அதட்டும்போது இன்னொருவர் சிரித்தால் குழந்தைக்கு அது விளையாட்டு.

சொல்லிவிட்டு நிறுத்தாமல், கையை மெல்ல எடுத்து வேறொன்றைக் கொடுங்கள். "சூடு" என்பதைக் கற்பிக்க, இளஞ்சூட்டுக் குவளையைத் தொட்டுக் காட்டலாம். சுட்டுக் காட்டக் கூடாது. கட்டிலிலிருந்து காலை முதலில் விட்டு, பின்பக்கமாக இறங்கப் பழக்குங்கள். இதை நாள்தோறும் செய்து காட்டினால் தவழும் குழந்தையும் பிடித்துக்கொள்ளும்.

அடி வேண்டாம். அடித்தால் குழந்தை அந்த நேரத்திற்குக் கையை எடுக்கும். ஆனால் பெற்றோருடன் நெருக்கமாக இருக்கும் குழந்தைகளே, யாரும் பார்க்காதபோதும் விதியைக் காப்பாற்றுகின்றன என்பதை ஐயோவா பல்கலைக்கழகத்தின் கிராஸினா கோச்சன்ஸ்கா பல ஆண்டு ஆய்வுகளில் கண்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் தவறு நேரலாம். சூடு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசையோ கிச்சாப்போ தடவாதீர்கள். எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள், அல்லது 999ஐ அழையுங்கள்.

ஆகவே மருமகள் அடுப்படிக்குக் கேட் போடட்டும். கேட்டுக்கு இந்தப் பக்கம் பாட்டி பாடம் நடத்தட்டும். மூன்று நான்கு வயதில் அந்தக் கேட்டைக் கழற்றும் நாள் வரும். அதற்குள் பாட்டியின் பாடம் குழந்தைக்குள் இறங்கியிருக்க வேண்டும்.