நரம்பு வலிக்கு மாத்திரை: நன்மை எவ்வளவு, ஆபத்து எங்கே?



நம் ஆஸ்பத்திரிக்கு அவ்வப்போது சிறு பார்சல்கள் வருகின்றன. பிரித்தால் உள்ளே பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் இருக்கும். காலமான தகப்பனாருக்கு வாங்கி மீந்தவை சில. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் வைத்துவிட்டுப் போனவை சில. "நரம்பு வலியால் கஷ்டப்படும் ஏழை யாருக்காவது கொடுங்கள்" என்று ஒரு சீட்டும் கூட வரும். அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் அந்த மாத்திரைகளை நோயாளிகளுக்குக் கொடுப்பதில்லை. ஏன் என்று சிலர் மனவருத்தத்தோடு கேட்டிருக்கிறபடியால், இந்த மருந்துகள் என்ன செய்கின்றன, எதைக் கெடுக்கின்றன என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வலி ஒரு காவல்காரன் என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் டாக்டர் பால் பிராண்ட் முக்கியமானவர். 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946-ல் வேலூருக்கு மருத்துவராகத் திரும்பி வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாக உதிர்ந்து விழுவதில்லை, வலி தெரியாமல் சுட்டுக்கொண்டும் காயப்படுத்திக்கொண்டும்தான் அவற்றை இழக்கிறார்கள் என்று அவரும் அவருடைய உடன் ஊழியர்களும் எடுத்துக்காட்டினார்கள். வலி தேவன் தந்த ஈவு என்று அவர் பிற்காலத்தில் எழுதியதை நம் வாசகர்களில் அநேகர் வாசித்திருப்பீர்கள்.

நரம்பு வலி வேறு வகை. இங்கே காவல்காரனுக்கே நோய் வந்துவிட்டது. திருடன் இல்லாதபோதும் இரவெல்லாம் கூச்சல் போடுகிறான். காலில் முள்ளும் இல்லை, புண்ணும் இல்லை. ஆனால் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிகிறது. எறும்பு ஊர்கிறது, ஊசி குத்துகிறது, போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. இப்படிப்பட்டவர்கள் இரவில் கட்டிலை விட்டு இறங்கி, வெறும் சிமெண்டுத் தரையில் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதே ஆள் பகலில் செருப்பு நழுவிப் போனது தெரியாமல் பத்தடி நடந்துவிடுவார். எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே பாதத்தில் இருப்பதுதான் இந்த நோயின் விசித்திரம்.

புதுவையில் இதற்கு முதல் காரணம் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. அதன்படி நம் யூனியன் பிரதேசத்தில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கோவா 26.4 சதவீதத்தோடு நமக்கு ஒரு மயிரிழை முன்னே நிற்கிறது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் ஆலய பெஞ்சில் ஒருவருக்கு! சர்க்கரைக்கு அடுத்தபடி மதுவையும் சொல்லத்தான் வேண்டும். அண்டை மாவட்டத்தாரும் தேடி வந்து குடிக்கிற ஊர் இது. ஆண்டுக்கணக்காகக் குடிப்பவர்களுக்கும் இதே கால் எரிச்சல் வருகிறது.

ஆகவே மாத்திரைக்கு முன்பாகக் காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்கு நம் ஊரில் அதிகம் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுவோரில் சிலருக்கு பி-12 வைட்டமின் குறைந்துபோகும். அந்தக் குறைவினாலேயே நரம்பு கெடலாம். அதற்கு வலி மாத்திரை தேவையில்லை, பி-12 தான் தேவை. ஆனால் "நரம்புக்கு ஒரு சத்து ஊசி" என்று எல்லாருக்கும் போடுவதும் சரியல்ல. பி-6 வைட்டமினை அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். காசநோய் மருந்து சாப்பிடுவோருக்கு நரம்பைக் காக்கவென்று சிறிய அளவில் கொடுப்பதும் அதே பி-6 தான் என்பதைக் கவனியுங்கள். பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குச் சிபாரிசு செய்த திராட்சரசத்திலும் அளவு சொல்லியிருந்தார் அல்லவா!

மருந்துக்கடையில் "வலிக்கு ஏதாவது" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது டைக்ளோஃபெனாக். மூட்டு வீக்கத்துக்கு உதவும் அந்த மாத்திரை நரம்பு வலியை ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தை அது நன்றாகத் தொடும். வலி நிற்கவில்லையே என்று ஒன்றை இரண்டாக்கி, இரண்டை மூன்றாக்கிச் சாப்பிட்டுவிட்டு, கால் வீங்கி வருகிறவர்களைப் பார்ப்பது மிகவும் வேதனையானது.

நரம்பு வலிக்கென்று டாக்டர் எழுதும் மருந்துகள் வேறு. பழையது அமிட்ரிப்டிலின். 1960-களின் தொடக்கத்தில் மனச்சோர்வுக்காக வந்த மருந்து. நரம்பு வலிக்கு மிகக் குறைந்த அளவில், இரவு 10 மில்லிகிராமில் தொடங்குகிறோம். ஒரு மாத்திரையின் விலை ஒரு டீயின் விலையை எட்டாது. புதியவை கபாபென்டின், பிரிகாபலின், டுலோக்ஸிடின். வலிப்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் கண்ட மருந்துகளே இவைகளும். கெட்டுப்போன நரம்பின் கூச்சலைத் தணிப்பதுதான் இவற்றின் வேலை. நரம்பைப் புதிதாக்குவதில்லை.

பலன் எவ்வளவு? இதில் ஒளிவுமறைவு வேண்டாம். உலகமெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, வெற்று மாத்திரையால் வரும் ஆறுதலைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அமிட்ரிப்டிலின் வகையைச் சாப்பிடும் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கும், பிரிகாபலின் சாப்பிடும் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கும் வலி பாதியாகக் குறைகிறது. சர்க்கரை நோயாளிகளிடம் இங்கிலாந்தில் நடந்து 2022-ல் வெளியான சோதனை கொஞ்சம் தைரியம் தருகிறது. அமிட்ரிப்டிலின், டுலோக்ஸிடின், பிரிகாபலின் ஆகிய மூன்றில் எதைக் கொண்டு தொடங்கினாலும், போதாதபோது இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு போனால், பத்துக்கு ஆறரையாக இருந்த வலி சராசரியாக மூன்று சில்லறைக்கு இறங்கியது. முற்றும் ஒழியவில்லை. ஆனால் தூங்க முடிந்த மனிதன் வேலைக்குப் போகிறான். விலை அதிகமான மாத்திரைதான் நல்ல மாத்திரை என்ற எண்ணத்துக்கும் இந்த முடிவு இடம் கொடுக்கவில்லை.

பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். பக்க விளைவோ முதல் இரவே தெரிந்துவிடும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அமிட்ரிப்டிலின் சாப்பிட்டால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், காலையில் தலை கனக்கும். புரோஸ்டேட் வீங்கிய முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கும் சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவருக்கும் கொடுக்கக் கூடாது. இவற்றையெல்லாம் விட எங்களுக்கு இடையூறாக இருப்பது ஒரு சொல். "இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை ஆச்சே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அடுத்த நாளே அட்டை குப்பைக்குப் போய்விடும். முதல் நாளில் கால் மணி நேரம் உட்கார்ந்து விளக்குகிற நர்ஸ் அம்மாதான் இந்த மருந்து பலிப்பதற்குப் பாதிக் காரணம்.

பிரிகாபலினைப் பற்றி புதுவை வாசகர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். பிரான்சிலிருந்து வரும் பார்சல்களில் 'லிரிகா' என்ற பெயரில் இருப்பது இதுதான். மயக்கம், தூக்கம், கால் வீக்கம், உடல் எடை கூடுதல் ஆகியவை இதனால் வரும். இது சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிற மருந்து. சிறுநீரகம் பலவீனமான சர்க்கரை நோயாளிக்கு, மற்றவருக்குச் சரியான அளவே விஷம்போல் சேர்ந்துவிடும். அவர் நாள் முழுவதும் தூங்குவார், இரவில் எழுந்தால் விழுவார். மதுவோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகிப் போகலாம். 2019-ல் அமெரிக்க மருந்துத் துறை இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. போதைக்காக விழுங்குவோர் பெருகியதால், பிரான்சு அரசே 2021 மே மாதம் முதல் பாதுகாப்பான தனிச் சீட்டில் டாக்டர் எழுதினால்தான் தர வேண்டும், ஒரு சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது என்று ஆக்கிவிட்டது. அந்த நாட்டிலேயே இவ்வளவு கட்டுக்காவல் உள்ள மாத்திரையை நாம் இங்கே முகம் தெரியாத ஒருவர் கையில் எப்படிக் கொடுப்பது? இதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பார்சலில் இருப்பதோ பதினைந்து நாள் மாத்திரை. பதினாறாம் நாள் தூக்கமின்மை, வியர்வை, படபடப்பு, சிலருக்கு வலிப்பே கூட வரலாம்.

முகத்தில் மின்னல் வெட்டுகிறாற்போல வரும் ஒரு நரம்பு வலிக்கு கார்பமசெபைன் நல்ல மருந்து. ஆனால் ஆசியர் சிலரின் பிறவி அமைப்பினால், முதல் சில வாரங்களில் தோல் கொப்பளித்து வாய் புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகலாம். தடிப்பு தோன்றினால் அன்றே வர வேண்டும்.

தொழுநோயில் வரும் நரம்பு வலிதான் எல்லாவற்றிலும் அவசரமானது. (பழைய வேதாகமத் தமிழில் உள்ள பெயரை நாம் இப்போது ஆஸ்பத்திரியில் சொல்வதில்லை, அது நோயாளியைப் புண்படுத்துகிறது.) இந்தியா 2005 டிசம்பரில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. அத்தோடு இந்த நோய் ஒழிந்தது என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவோர் அதற்குப் பின்னும் இந்நாட்டில் லட்சத்தை ஒட்டியே இருந்து வந்திருக்கிறார்கள். கூட்டு மருந்து கிருமியைக் கொன்றாலும், செத்த கிருமிக்கு எதிராக உடம்பு பொங்கி எழும்போது நரம்பு வீங்கும். முழங்கையின் உட்புறம் தொட்டாலே துடிக்கும். அந்த வலி பொய்க் கூச்சல் அல்ல. கை மடங்கிப்போவதற்கு முன் வரும் கடைசி எச்சரிக்கை. வலியை மட்டும் அடக்கினால் கையை இழப்பார்.

இங்கே மருந்து ப்ரெட்னிசோலோன். நாளுக்கு 40 மில்லிகிராம் போலத் தொடங்கி, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். நரம்பு கெட்டு ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் கை திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு. இன்னும் நீண்ட காலம் கொடுத்தால் இன்னும் நல்லதா? இந்தியா, நேபாளம், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள்: 20 வாரம் கொடுத்தாலும் 32 வாரம் கொடுத்தாலும் பலனில் வித்தியாசமில்லை. இது மிகவும் உபயோகமான செய்தி. ஏனெனில் இந்த மருந்து சர்க்கரையை ஏற்றும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும், கண்ணில் புரை வளர்க்கும், உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பும். தொடங்குமுன் சளியைச் சோதித்துக் குடல் புழுவுக்கும் மருந்து கொடுக்க வேண்டும். சங்கடம் என்னவென்றால், இதைச் சாப்பிடுகிறவருக்குப் பசி எடுக்கும், முகம் பூசினாற்போல் ஆகும். "உடம்பு தேறிவிட்டது" என்று சந்தோஷப்பட்டு, பழைய சீட்டைக் காட்டிக் கடையிலேயே தொடர்ந்து வாங்குவார். வேறு சிலர் ஊருக்குப் போன இடத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். உடம்பு தானே சுரப்பதை மறந்திருக்கும் நேரத்தில் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

"ஜெபிக்கிறவர்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும்?" என்று கேட்ட பெரியவருக்கு எங்கள் பதில் சுருக்கமானது: லூக்கா வைத்தியராகவே பவுலோடு பயணம் செய்தார்.

மாத்திரை பலித்தபின் ஒரு புதிய ஆபத்தும் உண்டு. எரிச்சல் அடங்கியவுடன் நரம்பு குணமாகிவிட்டதென்று நினைத்து, செருப்பில்லாமல் வெயிலில் கடற்கரை மணலில் நடக்கிறார்கள். எரிச்சல்தான் போயிற்று, உணர்ச்சி திரும்பவில்லை. ஆகையால் மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவரும் இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். முன்பு வேலூரில் தொழுநோயாளிகளுக்கென்று உருவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காக்கிறது.

இனி பார்சல் விஷயம். ஒருவருக்கு வழங்கி மீந்த மருந்தைத் தானமாகத் தரலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதியுமாகும். ஆகவே அவற்றை அனுப்ப வேண்டாமென்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். இந்த நோயாளிகளுக்குக் குறைவாக இருப்பது மாத்திரை அல்ல. திரும்பி வருவதற்கான பஸ் கட்டணம், ஒரு நாள் கூலியை விட்டு வருவதற்கான ஈடு, சிறுநீரகத்துக்கும் சர்க்கரைக்கும் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனை, ஒரு ஜோடி செருப்பு: இவையே. இதற்கென்று காணிக்கை அனுப்புகிறவர்கள் "மறுபரிசோதனை நிதி" என்று எழுதி அனுப்பினால் கணக்கில் தனியாக வைப்போம். உங்கள் வீட்டிலோ சபையிலோ கால் எரிச்சலோடு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், கடைசியாக எப்போது சிறுநீரகப் பரிசோதனை செய்தார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுப் பாருங்கள்.