பெயரில் ஒரு சங்கற்பம்

விஞ்ஞானத்தின் துணைகொண்டு மூப்பையும் பிணியையும் வென்று, மனிதன் தன் இயற்கை எல்லைகளையே கடந்துவிடலாம் என்னும் கொள்கைக்கு ‘ட்ரான்ஸ்ஹியூமனிசம்’ என்று பெயர். யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநராக விளங்கிய ஆங்கில உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி, 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றுக்கு இச்சொல்லையே தலைப்பாகச் சூட்டி, அதை அறிஞர் உலகில் உலவவிட்டார்.

இக்கொள்கையைத் தம் பெயரிலேயே பொறித்துக்கொண்டவரும் ஒருவர் உண்டு. ஈரானிய ராஜதந்திரி ஒருவரின் புதல்வராக 1930-இல் பிறந்து, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தம் தேசத்துக்காகக் கூடைப்பந்து ஆடி, பின்னர் அமெரிக்காவில் நாவலாசிரியராகத் திகழ்ந்த எஸ்ஃபாண்டியாரி என்பவர், குலத்தையும் தேசத்தையும் பறைசாற்றும் பெயர் பழமையின் தளையே என்று கருதி, அதைத் துறந்து, தமக்கு நூறு வயது நிறையும் ஆண்டைச் சேர்த்து ‘எஃப்.எம். 2030’ என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

அவ்வாண்டைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கணையப் புற்றுநோயால் 2000-இல் நியூயார்க்கில் காலமானார். எனினும், எதிர்கால மருத்துவம் என்றேனும் தம்மை எழுப்பும் என்ற நம்பிக்கையோடு, அரிசோனா மாகாணத்தில் மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜன் குளிரில் அவர் காத்திருக்கிறார். அவ்வாறு காத்திருப்போரில் எவரும் இதுவரை எழுந்ததில்லை.

ஆயினும், இதயத்தின் கதியைச் சீராக்கும் பேஸ்மேக்கரும், 2023-இல் பிரிட்டன் அனுமதித்த, அரிவாள் வடிவ ரத்தசோகைக்கான மரபணுத் திருத்தச் சிகிச்சையும் சித்தித்துவிட்ட இக்காலத்தில், சிகிச்சை எங்கே முடிகிறது, சிரஞ்சீவி ஆசை எங்கே தொடங்குகிறது என்பதே இனி நாம் சிந்திக்கவேண்டிய வினா.